பழைய கதிரடிப்பு இயந்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கதிரடிப்பு இயந்திரத்தின் படத்தைப் பார்த்து மாதிரி செய்ய உட்காருகிறவர்கள் முதலில் கை வைப்பது டிரம்மில்தான், அதாவது சுழன்று கதிரை அடித்து மணியை உதிர்க்கும் உருளையில். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு இரும்புக் குழாய், சுற்றிலும் பற்களுக்குப் பதிலாக வெல்டு செய்த போல்ட்டுகள், ஒரு பழைய மோட்டார். ஓட்டிப் பார்த்தபோது சத்தம் பிரமாதமாக இருந்தது. கோதுமைக் கதிரைக் கொடுத்தால் மறுபக்கம் பாதி மணி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்து விழுந்தது. உதிர்ந்த மணியோ தாளோடும் உமியோடும் கலந்து ஒரே குப்பை.

எங்கே பிசகினேன் என்று தேடப்போனபோதுதான் தெரிந்தது, இதே தவறுகளை 200, 250 வருடங்களுக்கு முன்பே கைதேர்ந்தவர்கள் செய்து முடித்திருக்கிறார்கள். நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

கையின் வேலையை அப்படியே காப்பி அடிப்பது

நம் ஊரில் கதிர்க்கட்டைத் தூக்கிக் கல்லிலோ பலகையிலோ அடிப்பார்கள். ஐரோப்பாவில் அது தலைகீழ். கதிர் தரையில் கிடக்கும். நீளக் கோலின் நுனியில் தோல்வாரால் கட்டித் தொங்கவிட்ட குட்டைக் கட்டையைச் சுழற்றி அதன் மேல் அடிப்பார்கள். ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் லோதியனைச் சேர்ந்த மைக்கேல் மென்சிஸ் என்ற வழக்கறிஞர் 1732-இல் ஒரு இயந்திரம் செய்தார். இதே அடிகட்டைகளை வரிசையாகப் பொருத்தி நீர்ச்சக்கரத்தால் ஆட்டுவது அவர் யோசனை. வேகம் கூடியதும் கட்டைகள் உடைந்து போயின. மனிதக் கை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சக்கரத்துக்கு அது தெரியாது.

அடுத்து வந்தவர்கள் அடிப்பதை விட்டுவிட்டுத் தேய்க்கப் பார்த்தார்கள். பெரிய டிரம்மைச் சுற்றிச் சின்ன உருளைகளை அழுத்தி, நடுவே கதிரை விட்டுக் கசக்கும் இயந்திரம் ஒன்று இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்தில் இருந்தது. மணி உதிர்ந்ததோடு நசுங்கவும் செய்தது. விதைக்கும் ஆகாது, விலைக்கும் போகாது.

முடிச்சை அவிழ்த்தவர் ஆண்ட்ரூ மெய்க்கிள். ஈஸ்ட் லோதியனில் ஹூஸ்டன் மில் என்ற ஆலையை நடத்திய ஆலைத் தச்சர். ஆளிச் செடித் தண்டை அடித்து நார் பிரிக்கும் ஆலைகளிலிருந்து அவர் யோசனையை எடுத்தார். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய இரண்டு உருளைகள் கதிரைக் கவ்விப் பிடித்து மெல்ல மெல்ல உள்ளே தள்ளும். பிடியில் இருக்கும்போதே, வேகமாகச் சுழலும் டிரம்மின் சட்டங்கள் அதை அடிக்கும். 1786 வாக்கில் இயந்திரம் ஓடியது, 1788-இல் காப்புரிமை கிடைத்தது. (பிற்காலத்தில் பாலங்கள் கட்டிப் பெயர் வாங்கிய ஜான் ரென்னி, சின்னப் பையனாக இந்த மெய்க்கிளின் பட்டறையில்தான் வேலை பழகினார்.) மாதிரி செய்கிறவர்கள் அந்த இரண்டு உருளைகளையும் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மெய்க்கிள் வடிவத்தைச் செய்யப்போகிறீர்கள் என்றால் விடக்கூடாது. பிடிமானம் இல்லாத கதிரை டிரம் இழுத்து விழுங்கிவிடும், அடிபட நேரமே இருக்காது.

சுற்றை எண்ணிவிட்டு வேகத்தை மறப்பது

என் குழாய் டிரம் தோற்றது இங்கேதான். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. பழைய அமெரிக்க டிரம்கள் 1050 சுற்று அளவில்தான் ஓடின. "நம்முடையது அதைவிட வேகம்" என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கதிர் உணர்வது சுற்றின் எண்ணிக்கையை அல்ல, பல்லின் நுனி எவ்வளவு வேகமாக வந்து அடிக்கிறது என்பதைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய டிரம்மின் விட்டம் பல் நுனிவரை சுமார் 55 செ.மீ. 1050 சுற்றில் அதன் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் ஓடும். காய்ந்த கோதுமைக்கு இதுதான் ஏறக்குறைய சரியான வேகம். என் டிரம்மின் விட்டம் பல்லோடு சேர்த்து 20 செ.மீ. 1440 சுற்றிலும் விளிம்பு வேகம் 15 மீட்டர்தான். சரியாகப் பாதி, உதிர்ந்ததும் பாதி! இதே மோட்டாரில் 60 செ.மீ டிரம்மை நேராக மாட்டியிருந்தால் 45 மீட்டர் போயிருக்கும், மணி நொறுங்கியிருக்கும். பயறு, அவரை மாதிரி இரண்டாகப் பிளக்கும் பருப்பு வகைக்கு 30 மீட்டரே மிக அதிகம், அதில் பாதிக்கும் கீழே போக வேண்டும்.

அப்படியானால் புல்லி மாற்றிச் சுற்றை இரட்டிப்பாக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வீட்டில் செய்த டிரம்முக்கு விட்டத்தைக் கூட்டுவதுதான் நல்லது. காரணம் சமநிலை. அதே 55 செ.மீ டிரம்மில் ஒரு பல் உடைந்து, அதன் இடத்தில் 100 கிராம் கூடுதலாக இருக்கும் பல்லை மாட்டினோம் என்று வையுங்கள். 1050 சுற்றில் அந்த 100 கிராம், ஷாஃப்ட்டை ஏறக்குறைய 35 கிலோ எடையின் பலத்தோடு வெளிப்பக்கம் இழுக்கும். நொடிக்கு 17 தடவைக்கு மேல் திசை மாறி மாறி இழுக்கும். சுற்றை இரட்டித்தால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். பல் மாற்றும்போது எடை போட்டுப் பாருங்கள்; முடிந்தால் நேர் எதிரே உள்ள பல்லையும் சேர்த்து மாற்றுங்கள்.

இடைவெளியை ஒரே அளவாக வைப்பது

டிரம்முக்குக் கீழே அதை அணைத்தாற்போல வளைந்திருக்கும் கம்பித்தட்டுக்கு கான்கேவ் என்று பெயர். படத்தில் டிரம்மும் கான்கேவும் ஒரே மையத்தில் வரைந்த வட்டங்கள் போலத் தெரியும். அப்படிச் செய்தால் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். கதிர் நுழையும் பக்கம் அகலமாகவும், வெளியேறும் பக்கம் அதில் பாதிக்கும் குறைவாகவும் இருக்க வேண்டும். லேசாக உதிரும் மணி முதல் அடியிலேயே உதிர்ந்து கம்பி வழியே கீழே இறங்கிவிடும், பிடிவாதமான மணிக்குத்தான் குறுகலான இடம். உதிர்ந்த மணி உடனே வெளியேறாமல் உள்ளேயே அடிபட்டுக்கொண்டிருந்தால் அதுதான் நொய்யாகிறது.

பல் வைத்த டிரம்மில் இன்னொரு தொல்லை உண்டு. டிரம்மின் பற்கள், கான்கேவில் நிற்கும் பற்களின் நடுவே புகுந்து வர வேண்டும். ஷாஃப்ட் பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு பக்கம் இடைவெளி நெருங்கி மணியை வெட்டும், மறுபக்கம் அகன்று கதிரை அடிக்காமல் அனுப்பும். மணியும் உடைகிறது, கதிரும் முழுசாக வருகிறது என்று இரண்டு புகாரும் ஒன்றாக வந்தால் வேகத்தைத் தொடாதீர்கள். முதலில் இந்தப் பக்க ஆட்டத்தைப் பாருங்கள்.

அடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதுதான் பெரிய தவறு. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே இந்த இடத்தில் நின்றுபோனது. அங்கே 'கிரவுண்ட்ஹாக்' என்று ஒரு மலிவான இயந்திரம் இருந்தது. ஒரு பெட்டி, அதில் பல் வைத்த டிரம், அவ்வளவுதான். தாள், மணி, பதர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தரையில் கக்கும். ஆட்கள் முள்கோலோடு நின்று வைக்கோலை உதறி எடுக்க வேண்டும், அப்புறம் தூற்ற வேண்டும். 1842-இல் விஸ்கான்சினுக்கு வந்த ஜெரோம் கேஸ் தொழிலைத் தொடங்கியது இந்த இயந்திரங்களோடுதான். பிரிக்கும் பாகத்தைச் சேர்த்த பிறகுதான் ரசீன் நகரில் அவர் கம்பெனி வளர்ந்தது.

அடிப்பதையும் பிரிப்பதையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்து 1837-இல் காப்புரிமை வாங்கியவர்கள் மெய்ன் மாநிலத்தின் வின்த்ராப்பைச் சேர்ந்த ஹைரம் பிட்ஸ், ஜான் பிட்ஸ் சகோதரர்கள். டிரம்மிலிருந்து வரும் தாளை முடிவில்லாத பட்டை ஒன்று சுமந்து செல்லும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பட்டை தாளைச் சுமக்குமே தவிர உதறாது. மெத்தை போல அடர்ந்த வைக்கோலுக்குள் மாட்டிய மணி, வைக்கோலோடு சவாரி செய்து வெளியே போய்விடும். மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் நிக்கோல்ஸ், ஷெப்பர்ட் கம்பெனி கொண்டுவந்த 'வைப்ரேட்டர்' இயந்திரம் பட்டையை ஒதுக்கிவிட்டு, வைக்கோலை உதறும் தட்டுகளின் ஆட்டத்தை நம்பியது. பின்னால் மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள்.

உதறும் தட்டுகளைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மெதுவாக ஆட்டிவிடுகிறார்கள். தட்டைச் சுழற்றும் கிராங்க்கின் ஆரம் 5 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு சுமார் 134 சுற்றுக்குக் கீழே ஓட்டினால், தட்டு கீழே இறங்கும் வேகமாற்றம் புவியீர்ப்பை எட்டாது. வைக்கோல் தட்டை விட்டு எழும்பவே எழும்பாது, தொட்டிலில் படுத்த குழந்தை மாதிரி கூடவே ஆடிக்கொண்டிருக்கும். 200 சுற்றில் அது புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. வைக்கோல் தூக்கி எறியப்பட்டு, காற்றில் விரிந்து, மறுபடி விழுகிறது. அந்த விரியும் நொடியில்தான் மணி நழுவும். ரொம்பவும் கூட்டினாலும் ஆபத்து, ஒரு வீச்சில் எழுந்த வைக்கோல் இறங்குவதற்குள் தட்டு மறுபடி வந்து முட்டும். கையால் உதறிப் பாருங்கள், சரியான தாளம் உங்கள் தோளுக்கே தெரியும்.

தட்டுகள் எல்லாம் ஒரே திசையில் ஆடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று முன்னே போகும்போது இன்னொன்று பின்னே வர வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரமே நடந்து போகும்.

காற்றைக் கூட்டினால் சுத்தமாகும் என்பது

முறத்தால் தூற்றிய பாட்டிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கோதுமை மணியைத் தூக்கிச் செல்ல நொடிக்கு 7 முதல் 9 மீட்டர் வேகக் காற்று வேண்டும். உமிக்கும் பதருக்கும் 2, 3 மீட்டர் போதும். நடுவில் நல்ல இடம் இருக்கிறது, ஆனால் அந்தக் காற்று சல்லடையின் அகலம் முழுவதும் ஒரே மாதிரி வீச வேண்டும். ஒரு ஓரம் பலமாகவும் மறு ஓரம் மந்தமாகவும் வீசினால், அழுக்கு நிற்கிறதே என்று காற்றைக் கூட்டுவோம், பலமான ஓரத்தில் மணி பறக்கும். வெளியே வரும் பதரை ஒரு கை அள்ளி ஊதிப் பாருங்கள், மணி இருந்தால் தெரிந்துவிடும்.

விசிறி வைத்துத் தூற்றுவது சீனாவில் ஹான் வம்சக் காலத்திலேயே இருந்த வித்தை. ஸ்காட்லாந்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் மெய்க்கிள், மேலே சொன்ன ஆண்ட்ரூவின் அப்பா. 1710-இல் ஹாலந்துக்கு அனுப்பப்பட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கடவுள் தரும் காற்றுக்குக் காத்திருக்காமல் மனிதன் காற்று உண்டாக்குவது சாத்தானின் வேலை என்று ஸ்காட்லாந்தில் எதிர்ப்பும் கிளம்பியது.

சல்லடையில் இறங்காத அரைகுறைக் கதிரை டிரம்முக்கே திருப்பி அனுப்பும் ஏற்பாடு பிற்கால இயந்திரங்களில் உண்டு. சல்லடைக் கண் அடைத்துக்கொண்டால் நல்ல மணியும் அந்த வழியில் திரும்பிப் போய் மறுபடி மறுபடி அடிபடும். உடைந்த மணி அதிகம் என்றதும் டிரம்மைக் குறை சொல்கிறோம், குற்றவாளி சல்லடையாகவே இருக்கும்.

சக்தி எங்கிருந்து வந்தது என்று பார்க்காதது

மோட்டாருக்குப் பதில் அன்று பல இடங்களில் குதிரைதான். குதிரை மணிக்கு 4 கி.மீ வேகத்தில் 4 மீட்டர் நீளக் கட்டையை இழுத்துச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 22, 23 நொடி ஆகும். நிமிடத்துக்கு மூன்று சுற்றுகூட இல்லை. அதிலிருந்து டிரம்முக்கு 1050 சுற்று வேண்டுமென்றால் ஏறக்குறைய 400 மடங்கு பெருக்க வேண்டும். பெரிய பல்சக்கரம், சின்னப் பல்சக்கரம், தரையோடு படுத்துச் சுழலும் இரும்புத் தண்டு (குதிரைகள் ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டி நடக்கும்), அப்புறம் பெல்ட். ஒரு குதிரை தயங்கினாலும் அந்தத் தயக்கம் டிரம் வரை போகும். டிரம் கனமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம், அதுவே சுழற்சியைச் சேமித்து வைக்கும். விசிறி, உதறும் தட்டு எல்லாம் டிரம் ஷாஃப்ட்டிலிருந்துதான் சுற்றுவதால், ஒரே நேரத்தில் கதிரை அமுக்கித் தள்ளினால் எல்லாமே சேர்ந்து மந்தமாகும். டிரம்மின் உறுமல் தாழ்ந்தால் கையை நிறுத்த வேண்டும்.

மோட்டார் வைத்து மாதிரி செய்கிறவர்கள் லேசான டிரம்மே போதும் என்று நினைப்பது இதனால்தான் ஏமாற்றம் தருகிறது.

கதிர் போடும் வாயைத் திறந்து வைப்பது

வாய்க்கு வருமுன் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் சின்ன விஷயமல்ல. அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பக்கம், 1914 அறுவடையில் பல இயந்திரங்கள் வெடித்துத் தீப்பிடித்தன. கோதுமையில் கரிப்பூட்டை நோய் பரவி உள்ளே கரும்பொடி நிறைந்திருந்தது, உராய்வில் உண்டான நிலைமின்பொறி அதைப் பற்றவைத்தது. டிரம், விசிறி முதலியவற்றைக் கம்பியால் இணைத்து மண்ணில் இறக்கியது அதற்குச் சொன்ன வைத்தியம்.

கை போகும் ஆபத்து அதைவிடப் பழையது. டிரம்மையும் கதிர் போடும் வாயையும் மூடி வைக்க வேண்டும் என்று பிரிட்டன் 1878-இல் தனிச் சட்டமே போட்டது. இந்தியாவில் 1983-இல் வந்த ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கதிரடிப்பு இயந்திரங்களை மனதில் வைத்தே வந்தது. நம் தரநிலைப்படி கதிர் போடும் தடம் குறைந்தது 90 செ.மீ நீளம் இருக்க வேண்டும், அதில் டிரம் பக்கம் 45 செ.மீ மூடியிருக்க வேண்டும். என்னுடைய முதல் மாதிரியில் தடத்தின் நீளம் ஒரு சாண். இப்போது புதிதாகச் செய்யும்போது முதலில் என் கையை நீட்டி அளந்தேன். தோளிலிருந்து விரல் நுனிவரை 74 செ.மீ.