ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்

"மார்பகப் புற்றுநோய் சிகிச்சை" என்று மட்டும் தேடினால் முதலில் வருவது விளம்பரமும் பயமும்தான். நோயாளிகளுக்குத் தேடித் தரும்போது நாங்கள் இதைச் சரிசெய்தது பயாப்ஸி (கட்டியிலிருந்து எடுத்த திசுவின் பரிசோதனை) ரிப்போர்ட்டை வைத்து. கட்டியின் வகை, கிரேடு, ஈஆர், பிஆர் (செல்களில் உள்ள ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) முடிவுகளை அதில் உள்ளபடியே தேடல் பெட்டியில் போடுகிறோம். ஸ்டேஜ் அதில் இருக்காது. ஸ்கேனுக்கோ அறுவைக்கோ பிறகுதான் பெரும்பாலும் தெரியும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது ஸ்டேஜ். செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது கிரேடு. கிரேடு 3-ஐ ஸ்டேஜ் 3 என்று படித்துத் தூக்கம் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தளத்தில் பல புற்றுநோய்களுக்கு நோயாளிக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று எனத் தகவல் பக்கங்கள் இரு வடிவங்களில் உண்டு. முதலில் நோயாளிக்கானது. புதுப்பித்த தேதியையும் பாருங்கள்.

5 ஆண்டு உயிர்வாழ்வு விகிதம் சில ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களின் கணக்கு. புது மருந்துகளின் பலன் அதில் முழுதாகத் தெரியாது. (நோயாளி கேட்காமல் அந்த எண்ணைக் காட்டுவதில்லை.)

"புற்றுநோய் செல்களை அழித்தது" என்று செய்தி வந்தால், ஆய்வகத் தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று பாருங்கள். மூலிகை, சப்ளிமென்ட் எதையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது; சில, கீமோ மருந்தின் வேலையையே குறைத்துவிடும்.