மாத்திரைக்குக் கீழே நடையையும் எழுதுங்க சிஸ்டர்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி, சுகர் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் நான். இந்தப் பிரிவுக்குப் புதிதாக வரும் சிஸ்டர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"நல்லா நடங்கம்மா" என்று சொல்லி அனுப்புவதில் பிரயோஜனமே இல்லை. எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். முதலில், காலையிலிருந்து ராத்திரி வரை என்ன வேலை என்று கேளுங்கள். களையெடுக்கப் போகிற அக்காவுக்கும் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கும் ஒரே அறிவுரை சரிப்படாது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடுத்த எடுப்பில் இதைச் சொன்னால் மிரண்டுவிடுவார்கள். "சாயங்காலம் ஐந்தரை மணி, மாரியம்மன் கோயில் வரை, போய்வரப் பத்து நிமிஷம், வாரம் ஐந்து நாள்" என்று நோயாளியின் நோட்டில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரைக்குக் கீழேயே எழுதுங்கள். போகப்போகக் கூட்டிக்கொள்ளலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் கணக்கு.

மருந்து வாங்க நிற்பவர்களை நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லலாம். பிபி பார்ப்பதற்கு முன்னால் மட்டும் வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால்தான் அளவு சரியாக வரும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்கக் காத்திருப்பவர்களையும் தொந்தரவு செய்யாதீர்கள். அவர்கள் நடந்தால் சுகர் இறங்கிக் காட்டும், அப்புறம் டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிடுவார்!

நெஞ்சுவலி, படியேறினால் மூச்சுவாங்கல் என்றால் முதலில் டாக்டர்; நடை பிறகு. சுகர் உள்ளவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைக் கண்ணால் பாருங்கள். மதமதப்பில் முள் குத்தியதே தெரியாமல் வருவார்கள். இன்சுலின், கிளிமிபிரைடு மாத்திரை எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சுகர் ரொம்ப இறங்கிவிடலாம்; கையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும்.

பெண்களுக்குத் தெருவில் தனியாக நடக்கக் கூச்சம். நாய் பயம் வேறு. சுயஉதவிக் குழுவில் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021-இல் வந்ததிலிருந்து தன்னார்வலர்கள் வீடுவீடாக மாத்திரை கொண்டுபோகிறார்கள். "எத்தனை நாள் நடந்தீங்க?" என்று அவர்களையே கேட்டுவரச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த மாதம் பொய்தான் வரும். நேரத்தையோ இடத்தையோ மாற்றி எழுதிக்கொடுங்கள். முட்டிவலி என்றால் அதே திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.