பின்னங்களைக் கூட்டும்போதும் கழிக்கும்போதும் எங்கே சறுக்குகிறது?

அரை லிட்டர் பாலும் கால் லிட்டர் பாலும் சேர்ந்தால் எவ்வளவு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். முக்கால் லிட்டர் என்று யோசிக்காமல் சொல்வார்கள். அதே பிள்ளைகளிடம் தாளில் 1/2 + 1/4 என்று எழுதிக் கொடுங்கள். பலர் 2/6 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். 2/6 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபிறகு அரையைவிடக் குறையாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தாளில் இருக்கும் 1/2-க்கும் கடையில் கேட்டு வாங்கும் அரைக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர்கள் நினைப்பதில்லை.

பின்னக் கூட்டல், கழித்தலில் வரும் பெரும்பாலான தவறுகள் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. பின்னம் என்பது ஒரே எண். கோடு போட்டு மேலும் கீழும் பிரித்து வைத்த இரண்டு எண்கள் அல்ல. கீழே இருக்கும் பகுதி, துண்டு எவ்வளவு பெரியது என்று சொல்கிறது. மேலே இருக்கும் தொகுதி, அப்படிப்பட்ட துண்டுகள் எத்தனை என்று சொல்கிறது. எண்ணிக்கையைக் கூட்டலாம், அளவைக் கூட்ட முடியாது. இது மனதில் பதிந்தவர்களுக்கு விதிகளை மனப்பாடம் செய்யும் வேலை பாதி குறைந்துவிடும்.

மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ்

1/2 + 1/4 = 2/6 என்று எழுதும் பிள்ளை சும்மா ஊகித்து எழுதுவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, சில நேரம் மூன்று காரணங்கள். "தப்பு, மறுபடி போடு" என்று திருப்பிக் கொடுத்தால் அந்தக் காரணம் அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அதே தவறு வரும்.

முதல் காரணம் பெருக்கல். 1/2 × 1/4 என்றால் மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் பெருக்கி 1/8 என்கிறோம். அது சரி. அந்த வழி கையில் பழகியபிறகு, கூட்டல் குறியைப் பார்த்தாலும் கை அதே வழியில் போகிறது.

இரண்டாவது காரணம் நாம் போட்டுக் காட்டும் படம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நிழலிடுகிறோம். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு நான்காகப் பிரித்து ஒரு காலை நிழலிடுகிறோம். நடுவில் ஒரு கூட்டல் குறி. இப்போது பிள்ளையின் கண்ணால் பாருங்கள். மொத்தம் ஆறு துண்டுகள், நிழலிட்டவை இரண்டு. 2/6 என்று படமே சொல்கிறது! துண்டுகள் சமமாக இல்லை, ஒரு வட்டம்தான் ஒரு முழு என்பதெல்லாம் நமக்குத் தெரியும். படத்தில் அது எழுதியிருக்கவில்லை. அதனால் கூட்டலுக்கு இரண்டு வட்டம் போடாதீர்கள். ஒரே ஒரு நீளக் கட்டத்தை வரைந்து, அதிலேயே அரையை ஒரு நிறத்திலும், அதைத் தொடர்ந்து காலை இன்னொரு நிறத்திலும் தீட்டுங்கள். எண்கோடு இன்னும் நல்லது. 0-இலிருந்து 1/2-க்குப் போய், அங்கிருந்து 1/4 நகர்ந்தால் எங்கே நிற்கிறோம் என்பதில் குழப்பத்துக்கே இடமில்லை.

மூன்றாவது காரணம் மதிப்பெண். முதல் டெஸ்டில் 5-க்கு 3, அடுத்த டெஸ்டில் 5-க்கு 4, ஆக மொத்தம் 10-க்கு 7. விடைத்தாளில் இதை 3/5, 4/5, 7/10 என்றுதான் எழுதுகிறோம். பார்க்கிறவர்களுக்கு மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் கூட்டியது போலவே இருக்கும். அங்கே அது சரியும்கூட, ஏனென்றால் முழு என்பதே மாறிவிட்டது. முதலில் 5 மதிப்பெண் தாள் ஒரு முழு. கடைசியில் இரண்டு தாளும் சேர்ந்த 10 ஒரு முழு. பின்னங்களைக் கூட்டும்போது முழு மாறக்கூடாது. 3/5 மீட்டர் துணியும் 4/5 மீட்டர் துணியும் சேர்ந்தால் 7/5 மீட்டர், ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். 7/10 மீட்டர் என்றால், கையில் இருந்த 4/5 மீட்டரைவிடக் குறைந்துவிட்டதே என்று பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள்.

பகுதியை மாற்றிவிட்டுத் தொகுதியை மறப்பது

"பகுதி ஒன்றாக இருக்க வேண்டும்" என்பதை மட்டும் கேட்டுக்கொண்டவர்கள் செய்யும் தவறு இது. 2/3 + 1/4 என்ற கணக்கில் 12 வேண்டும் என்று சரியாகக் கண்டுபிடிப்பார்கள். பிறகு 2/12 + 1/12 = 3/12 என்று முடித்துவிடுவார்கள். 3/12 என்பது 1/4. அதாவது 1/4-உடன் 2/3-ஐச் சேர்த்தபிறகும் 1/4-ஆகவே இருக்கிறது!

மூன்றில் ஒரு துண்டைப் பன்னிரண்டில் ஒரு துண்டாக்கினால் துண்டு நான்கு மடங்கு சிறியதாகிறது. அப்படியானால் நான்கு மடங்கு துண்டுகள் வேண்டும். எனவே 2/3 = 8/12. அதேபோல 1/4 = 3/12. கூட்டினால் 11/12. கீழே எதனால் பெருக்கினோமோ அதனாலேயே மேலேயும் பெருக்க வேண்டும் என்ற விதியின் காரணம் இவ்வளவுதான்.

இன்னும் சிலர் 3-ஐ 12 ஆக்க 9 கூட்டினோம், அதனால் மேலேயும் 9 கூட்டுவோம் என்று 2/3-ஐ 11/12 ஆக்குகிறார்கள். மேலும் கீழும் ஒரே வேலையைச் செய்ததால் சரிதான் என்று உறுதியாக நம்புவார்கள். 1/2-இல் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் 1 கூட்டினால் 2/3, 2 கூட்டினால் 3/4, 98 கூட்டினால் 99/100. அரை அரையாக இல்லாமல் முழுசை நோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோதான் சமான பின்னம் கிடைக்கும்.

பகுதிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்குவது

இது தவறு என்று சொல்ல முடியாது; விடை சரியாகத்தான் வரும். 5/12 + 7/18 என்ற கணக்கில் 12-ஐயும் 18-ஐயும் பெருக்கினால் 216. மேலே 90 + 84 = 174. பிறகு 174/216-ஐ 6-ஆல் சுருக்கினால் 29/36. 12-ஆலும் 18-ஆலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண், அதாவது மீச்சிறு பொது மடங்கு, 36 என்று முதலிலேயே பார்த்திருந்தால் 15/36 + 14/36 = 29/36, இரண்டே அடி. பெரிய எண்களைப் பெருக்கும்போதுதான் வாய்ப்பாட்டுத் தவறுகள் புகுகின்றன. பின்னம் புரிந்த பிள்ளைகள்கூட இப்படி மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

ஒன்றின் தொகுதியை மற்றதன் பகுதியால் பெருக்கிக் கூட்டும் குறுக்குப் பெருக்கலும் இதே ரகம்தான். இரண்டு பின்னங்களுக்கு வேலை செய்யும். 1/2 + 1/3 + 1/6 என்று மூன்றாவது ஒன்று வந்ததும் எதை எதனால் பெருக்குவது என்று திகைப்பார்கள். 6-ஐப் பொதுப் பகுதியாக எடுத்தால் 3/6 + 2/6 + 1/6 = 1, முடிந்தது. குறுக்குப் பெருக்கலை முதல் வழியாகச் சொல்லித்தரக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று புரியாமலே விடை வந்துவிடுவதால், பின்னால் இயற்கணிதத்தில் எழுத்துகளோடு பின்னங்கள் வரும்போது கால் ஊன்ற இடமிருக்காது.

மீச்சிறு பொது மடங்கைக் கொண்டு பின்னங்களைக் கூட்டுவது நம் பக்கத்தில் பழைய சங்கதி. 9ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர் இந்த வழியை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார். நம் திண்ணைப் பள்ளிகளில் இன்னொரு அழகான ஏற்பாடு இருந்தது. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16, அரைக்கால் 1/8, கால் 1/4. இவை எல்லாவற்றுக்கும் 320 பொதுப் பகுதி. ஒரு காணிக்கு 4 முந்திரி, மாவுக்கு 16, மாகாணிக்கு 20, அரைக்காலுக்கு 40, காலுக்கு 80. மாவையும் காணியையும் கூட்ட வேண்டுமா? 16 + 4 = 20 முந்திரி, அதாவது ஒரு மாகாணி. எல்லாவற்றையும் ஒரே அளவுத் துண்டுக்கு மாற்றிவிட்டால் பின்னக் கூட்டல் வெறும் எண் கூட்டல் ஆகிவிடுகிறது.

கூட்டல் குறியைத் தாண்டி வெட்டுவது

3/4 + 2/3 என்று எழுதியதும் மேலே ஒரு 3, கீழே ஒரு 3 கண்ணில் படுகிறது. உடனே இரண்டையும் அடித்துவிட்டு 1/4 + 2 என்று எழுதுவது. பெருக்கலில் இப்படி வெட்டலாம், அங்கே இரண்டும் சேர்ந்து ஒரே பின்னமாகிவிடும். கூட்டலிலும் கழித்தலிலும் குறியைத் தாண்டி எதையும் வெட்டக் கூடாது. இரண்டு பின்னங்களும் ஒன்றுக்குக் குறைவானவை. கூட்டினால் 2-ஐத் தொடவே முடியாது. 2¼ என்ற விடை வந்த உடனே உறுத்த வேண்டும். சரியான விடை 9/12 + 8/12 = 17/12, ஒன்றரைக்குச் சற்றே குறைவு.

இந்த உறுத்தல் வருவதற்குத் தனியாகப் பழக்க வேண்டும். 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான மதிப்பீட்டில் 12/13 + 7/8 கணக்கைப் போடாமல், விடை எதற்கு அருகில் இருக்கும் என்று கேட்டார்கள். தேர்ந்தெடுக்க 1, 2, 19, 21 என்ற எண்கள். 12/13 கிட்டத்தட்ட 1, 7/8-உம் கிட்டத்தட்ட 1, ஆகவே 2. ஆனால் 13 வயதுப் பிள்ளைகளில் 24 சதவீதம் பேர்தான் 2 என்றார்கள். 19 என்றும் 21 என்றும் சொன்னவர்கள் அதைப்போல இருமடங்குக்கும் மேல். 12 + 7 = 19, 13 + 8 = 21. பின்னத்தை அவர்கள் எண்ணாகவே பார்க்கவில்லை.

அதனால் எந்தக் கணக்கானாலும் பென்சிலை எடுக்கும் முன் ஒரு கேள்வி: விடை அரைக்குள் இருக்குமா, ஒன்றுக்குள் இருக்குமா, ஒன்றைத் தாண்டுமா? பத்து விநாடி போதும்.

கழித்தலில் கடன் வாங்கும்போது

கழித்தலில்தான் அதிகம் திணறுகிறார்கள். 5¼ − 2¾ கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 5-இல் 2 போனால் 3, சரி. கால், முக்கால் என்று வந்ததும், சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாதே என்று திருப்பிப் போட்டு முக்காலில் கால் போனால் அரை என்பார்கள். விடை 3½ என்று எழுதுவார்கள். 2¾-உடன் 3½-ஐக் கூட்டிப் பார்க்கச் சொன்னால் 6¼ வரும். தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

கடன் வாங்கத் தெரிந்தவர்கள் வேறு ஒரு குழியில் விழுகிறார்கள். முழு எண் கழித்தலில் பக்கத்துத் தானத்திலிருந்து 1 வாங்கினால் அது 10 ஆகும். அதே பழக்கத்தில் 1/4-இன் தொகுதியோடு 10 சேர்த்து 11/4 ஆக்கிவிடுவார்கள். பின்னத்தில் கடன் வாங்கும் 1, பகுதி எவ்வளவோ அத்தனை துண்டாக மாறும். பகுதி 4 என்றால் 4/4. எனவே 5¼ என்பது 4-உம் 5/4-உம். அதிலிருந்து 2¾ போனால் 2-உம் 2/4-உம், அதாவது 2½.

இதைச் சொல்லிக்கொடுக்க கிரிக்கெட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 20 ஓவர் ஆட்டத்தில் 6.4 ஓவர் முடிந்துவிட்டது, மீதி எவ்வளவு? 13.2 என்று டக்கென்று சொல்வார்கள். 13.6 என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் ஒரு ஓவரைப் பிரித்தால் ஆறு பந்து, பத்து பந்து இல்லை. முதல் விக்கெட் 2.4 ஓவரில் விழுந்தது, அடுத்த ஜோடி 1.3 ஓவர் நின்றது என்றால் மொத்தம் 4.1 ஓவர். அங்கே 7/6-ஐ 1-ஆகவும் 1/6-ஆகவும் பிரித்து ஒன்றை முழு எண்ணோடு சேர்த்திருக்கிறார்கள். ஓவர் கணக்கில் போட்ட புள்ளி தசமப் புள்ளி இல்லை, ஆறில் எத்தனை என்று காட்டும் அடையாளம் என்பதை மட்டும் அப்புறம் விளக்கிவிடுங்கள்.

முழு எண்ணிலிருந்து பின்னத்தைக் கழிப்பதும் இதே வகை. 3 − 2/5 என்றால் 1/5 என்று எழுதுவார்கள். மூன்றிலிருந்து அரைக்கும் குறைவாக எடுத்தபிறகு கையில் கால்கூட மிஞ்சவில்லை என்றால் எப்படி? 3 என்பது 15/5. அதில் 2/5 போனால் 13/5.

வரிசையைப் பற்றி ஒரு வரி: 7/8 − 1/4 + 1/8 என்ற கணக்கில் பின்னால் இருக்கும் இரண்டையும் முதலில் கூட்டிவிட்டுக் கழிக்கக் கூடாது. இடமிருந்து வலமாகப் போனால் 7/8 − 2/8 + 1/8 = 6/8, அதாவது 3/4.

வாக்கியக் கணக்கில் மறைந்திருக்கும் "மீதி"

தமிழில் "ஐந்தில் மூன்று" என்று பகுதியை முதலில் சொல்கிறோம். கேட்ட வரிசையிலேயே எழுதி 5/3 ஆக்கிவிடுபவர்கள் உண்டு. மொத்தத்தில் ஒரு பங்குதானே, ஒன்றைவிடப் பெரியதாக இருக்குமா என்று கேட்டால் திருத்திக்கொள்வார்கள். இது சின்ன விஷயம். பெரிய விஷயம் "மீதியில்" என்ற சொல்.

ஒருவரிடம் 600 ரூபாய் இருந்தது. பாதியை அரிசிக்குச் செலவிட்டார். மீதியில் மூன்றில் ஒரு பங்கைக் காய்கறிக்குச் செலவிட்டார். கையில் எவ்வளவு? 1/2 + 1/3 = 5/6 செலவு, 1/6 மீதி, ஆக 100 ரூபாய் என்று போடுவார்கள். கூட்டலில் ஒரு பிசகும் இருக்காது, ஆனாலும் விடை தவறு. அந்த அரை 600-இல் அரை. மூன்றில் ஒரு பங்கோ 300-இல் மூன்றில் ஒரு பங்கு. இரண்டுக்கும் முழு வேறு. முழு வேறாக இருக்கும் பின்னங்களை அப்படியே கூட்ட முடியாது. அரையில் மூன்றில் ஒரு பங்கு மொத்தத்தில் 1/6. எனவே செலவு 1/2 + 1/6 = 4/6, கையில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு, 200 ரூபாய். ஒவ்வொரு பின்னத்துக்கும் கீழே "எதில்?" என்று பென்சிலால் எழுதிக்கொள்ளச் சொன்னால் இந்தக் குழப்பம் குறைகிறது.

விடையைச் சுருக்காமல் 6/8 என்றே விடுவதையும், 17/12-ஐக் கலப்புப் பின்னமாக மாற்றாமல் விடுவதையும் பெரிய குற்றமாக்க வேண்டாம். தேர்வில் அதற்கு அரை மதிப்பெண் போகலாம், அதனால் கடைசியில் ஒருமுறை பார்த்துச் சுருக்கப் பழக்குங்கள். ஆனால் 6/8 என்று எழுதியவருக்குக் கணக்கு தெரியும். 2/6 என்று எழுதியவரோடுதான் உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டில் போட்டுப் பார்க்கக் கணக்கு தேடுகிறவர்களுக்கு நான் தருவது இவை: 3/8 + 1/6, 4 − 5/7, 6⅓ − 2⅚, 9/10 + 11/12. கடைசிக் கணக்கில் விடையைக் கேட்கும் முன், 2-க்கு மேலா கீழா என்று கேளுங்கள்.