பார்வை எதைக் கலைக்கிறது? லேசர் பாயிண்டரை வைத்து வீட்டிலேயே சோதிக்கலாம்

நாம் பார்ப்பதால்தான் துகள் தன் போக்கை மாற்றிக்கொள்கிறது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இயற்பியல் ‘பார்வை’ என்று எதைச் சொல்கிறது என்பதை ஒரு மாலைப்பொழுதில் நீங்களே செய்து பார்த்துவிடலாம்.

வேண்டியவை: 5 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு லேசர், பல இழை வயரிலிருந்து உருவிய சுமார் 0.2 மி.மீ செம்பு இழை, போலராய்டு பிலிம் துண்டுகள் மூன்று. தியேட்டர் 3டி கண்ணாடி வேண்டாம். பெரும்பாலும் அது வேறு வகை பிலிம். லேசர் ஒளியோ அதன் எதிரொளிப்போ கண்ணில் படக்கூடாது.

முதலில் பிலிமின் அச்சைக் கண்டுபிடியுங்கள்; அந்தத் திசையில் அதிரும் ஒளியை மட்டுமே பிலிம் கடத்தும். ஜன்னல் வெளிச்சம் பளிச்சிடும் டைல்ஸ் தரையைச் சாய்வாகப் பிலிம் வழியே பார்த்துச் சுழற்றினால் ஒரு நிலையில் கூச்சம் மிகக் குறையும். அப்போது அச்சு செங்குத்து. பேனாவால் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

இழையை நெட்டுக்குத்தாக இழுத்துக் கட்டி, இருட்டறையில் அதன்மீது லேசரைப் பாய்ச்சுங்கள். 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் நடுப்புள்ளிக்கு இருபுறமும் மங்கலான வரிகள் தெரியும். அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி இழையின் தடிமனால் வகுத்தால் வரி இடைவெளி: 650 நானோமீட்டருக்குச் சுமார் 1 செ.மீ. இடமும் வலமுமாகக் கடந்த ஒளி ஒன்றுசேர்வதால் வருபவை இவை.

இப்போது இரண்டு பிலிம்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டவையுங்கள். இடப்பக்க அச்சு செங்குத்து, வலப்பக்கம் கிடை. இணைப்புக் கோடு இழைக்கு நேர் பின்னால் மறைய வேண்டும். டேப்பை ஒளி படாத மேல், கீழ் ஓரங்களில் மட்டும் ஒட்டுங்கள். வரிகள் போய் வழவழப்பான பட்டை மட்டும் மிஞ்சும். போகவில்லையா? இணைப்பு இழைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அல்லது ஒரு பக்கம் மங்கியிருக்கும். லேசர் ஒளிக்கே ஓர் அச்சு உண்டு என்பதால், பாயிண்டரை அது இருக்கும் நிலையிலேயே உருட்டி இரு பக்கத்தையும் சமமாக்குங்கள். ஒவ்வொரு பக்கமாகக் காகிதத்தால் மறைத்து ஒப்பிட்டால் போதும்.

ஒளி எந்தப் பக்கம் போனது என்று யாரும் பார்க்கவில்லை. பாதையின் அடையாளம் ஒளியிலேயே பதிந்ததுதான் காரணம். மூன்றாவது பிலிமை 45 பாகை சாய்த்து, இழையைத் தாண்டிய ஒளியில் பிடியுங்கள்: அடையாளம் அழிந்து வரிகள் திரும்பும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் வெளிச்சமும் இருளும் இடம் மாறும்.

இவ்வளவையும் சாதாரண அலைக் கொள்கையே விளக்கிவிடும், அதை மறைக்கக்கூடாது. குவாண்டம் வியப்பு ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பும்போதுதான். அப்போதும் இதே முடிவு. பாதை அடையாளத்தை அழித்து வரிகளை மீட்கும் இந்த ‘குவாண்டம் அழிப்பான்’ யோசனையை 1982இல் இயற்பியலாளர்கள் ஸ்கல்லியும் ட்ரூலும் முன்வைத்தனர். பார்ப்பவரின் உணர்வே அளவீட்டை முடிக்கிறது என்று 1961இல் எழுதிய இயற்பியலாளர் விக்னர், பின்னாளில் அக்கருத்திலிருந்து விலகினார்.

கடைசியாக, மொபைலை ஸ்டாண்டில் வைத்து டைமர் போட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். பிலிம் இல்லாமல், இரண்டு பிலிமோடு, மூன்றாவதும் சேர்த்து என மூன்று நிலையிலும் படம் எடுங்கள். கண்ணால் கண்டதே படத்திலும் இருக்கும். படத்தைப் பார்த்த பிறகுதான் அது நிகழ்ந்தது என்று ஒருவர் வாதிட்டால் இந்தச் சோதனையால் அதை மறுக்க முடியாது. ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வரிகள் அசையாது. பிலிமைத் திருப்பினால் உடனே மாறும்.