செயின்ட் லூசியாவில் விடுமுறை: பயணத்தை அமைத்துக்கொள்ளும் முறை

கரீபியன் தீவு நாடான செயின்ட் லூசியாவுக்குச் செல்பவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஊரில் தங்குவது என்பதைத்தான். தீவின் நீளம் ஏறத்தாழ 43 கிலோமீட்டர்தான் என்றாலும், சாலைகள் மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்குவதால், தென்கோடியில் உள்ள ஹெவனோரா விமான நிலையத்திலிருந்து விடுதிகள் நிறைந்த வடக்குப் பகுதிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். பலரும் வடக்கிலேயே தங்கிவிட்டு, தெற்கை ஒரே நாளில் அவசரமாகப் பார்த்துத் திரும்புகிறார்கள். இந்தத் தீவின் உண்மையான அழகு தென்மேற்கில் இருப்பதால், சூஃப்ரியேர் என்ற சிற்றூரில் குறைந்தது மூன்று இரவுகளாவது தங்குங்கள்.

கடலிலிருந்து நேராக எழும் பிட்டன் சிகரங்கள் இரண்டும் அந்த ஊருக்கு அருகில்தான் உள்ளன. 2004இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இரண்டில் உயரமான குரோ பிட்டனில் ஏறி இறங்க நான்கு மணி நேரம் போல ஆகும். உள்ளூர் வழிகாட்டியுடன் விடியற்காலையிலேயே புறப்படுங்கள். பின்பாதி ஏற்றம் மிகவும் செங்குத்தானது, வெயில் ஏறிவிட்டால் கால்கள் ஒத்துழைக்காது.

மறுநாளைக் கந்தக ஊற்றுகளுக்கு ஒதுக்கலாம். ஊற்றுகள் கண்ணில் படும் முன்பே அழுகிய முட்டை போன்ற வாடை வந்துவிடும். சாம்பல் நிறச் சேற்றை உடலெங்கும் பூசி, அது காய்ந்து தோலை இறுக்கும்வரை காத்திருந்து, பிறகு கருநிற வெந்நீரில் இறங்கிக் கழுவ வேண்டும். வெள்ளி நகைகளை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், கந்தகம் பட்டால் கறுத்துவிடும். வெளிர்நிறத் துணியில் படியும் கறை எளிதில் போகாது.

கடலாட விரும்புவோருக்கு, படகில் சிறிது நேரத்தில் எட்டக்கூடிய ஆன்ஸ் சாஸ்தனே பொருத்தமான இடம். கரையை ஒட்டியே பவளப்பாறைகள் தொடங்கிவிடுகின்றன. கடற்கரைகள் அனைவருக்கும் பொதுவானவை என்பதால், விடுதிக்கு எதிரே உள்ளதென்று தயங்க வேண்டாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, ஆனால் கூட்டமும் வாடகையும் அதிகம். ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். இடைப்பட்ட மே மாதத்தையே நான் பரிந்துரைப்பேன்.

நாணயம் கிழக்குக் கரீபியன் டாலர்; ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்ற மதிப்பு 1976 முதல் மாறவில்லை. அமெரிக்க டாலரும் பரவலாகச் செல்லுபடியாகும் என்பதால், விலை கேட்கும்போது எந்த டாலர் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இராணுவச் சீருடை போலத் திட்டுத்திட்டான வடிவம் கொண்ட (கேமஃப்ளாஜ்) உடைகளைப் பொதுமக்கள் அணிய அங்கே சட்டப்படி தடை உள்ளது. குழந்தைகளின் துணிகளிலும் அவை இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வடக்குக்கு மாறும் நாளை வெள்ளிக்கிழமையாக வைத்துக்கொண்டால், வழியில் ஆன்ஸ் லா ரே என்ற மீனவ ஊரில் மாலையில் தெருவெங்கும் அடுப்பு வைத்து மீன் சுட்டு விற்பதைக் காணலாம். சாப்பிட்ட பின் அந்த வளைவுச் சாலையில் இருட்டில் நீங்களே ஓட்டாமல், வாடகை வண்டியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.