ஆட்டம் இல்லாத விடிகாலைகளுக்கு

மகன் பாஸ்டனுக்குப் போனதிலிருந்து எனக்கு அந்த ஊர் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் மேல் பைத்தியம். அங்கே ராத்திரி 7.10 ஆட்டம் என்றால் மந்தைவெளியில் விடிகாலை 4.40. நவம்பரில் சீசன் முடிந்தாலும் அந்த நேரத்துக்கு முழிப்பு தட்டிவிடும். வெளியே மழை, பால் பாக்கெட்கூட வந்திருக்காது. ஆட்டக்காரர்களின் வாழ்க்கை வரலாறு படிக்க அதுதான் சரியான நேரம்.

புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் தேடுங்கள். கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் தைரியமாகப் பேரம் பேசலாம், போட்டிக்கு ஆள் கிடையாது.

முதல் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். தாத்தா கப்பலேறிய கதையிலேயே தூக்கம் வந்துவிடும். ஏதாவது ஒரு நாளைப் பிடித்து உள்ளே நுழையுங்கள். ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் என்றால் 1941 செப்டம்பர் 28, அந்த சீசனின் கடைசி நாள். கையில் பென்சிலும் கிழித்த காலண்டர் தாளும் இருக்கட்டும். பேட்டிங் சராசரி நம் கிரிக்கெட் கணக்கு இல்லை. ஹிட்டுகளை, அதாவது பந்தை அடித்து பத்திரமாக பேஸைத் தொட்டவற்றை, எத்தனை தடவை பேட் பிடித்தாரோ அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். நாலு பந்து தப்பாக வீசப்பட்டு இலவசமாக முதல் பேஸுக்குப் போகும் 'வாக்' இதில் சேராது. பத்துக்கு மூன்று அடித்தாலே பெரிய ஆள்.

அன்று காலை வில்லியம்ஸின் கணக்கு 448-க்கு 179. வகுத்தால் 0.39955, மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் 0.400. ஆடாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், அது நின்றிருக்கும். பிலடெல்பியாவில் அன்று அடுத்தடுத்து இரண்டு ஆட்டம், இரண்டிலும் இறங்கினார். எட்டுக்கு ஆறு! 456-க்கு 185, 0.406. அதற்குப் பிறகு அங்குள்ள இரண்டு பெரிய லீகுகளான அமெரிக்கன் லீகிலோ நேஷனல் லீகிலோ ஒரு முழு சீசனில் 0.400-ஐ யாரும் தொடவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பிராட்மேன் மாதிரி கடைசி நாளில் முட்டை வாங்கியிருந்தா?" என்றார். அந்தப் பயத்தோடு படித்தால்தான் ருசி. அப்புறம் பிள்ளைப் பருவத்துக்குத் திரும்பிப் போங்கள், தாத்தாகூட சுவாரசியமாகிவிடுவார்.

போர்ட்டோ ரிக்கோக்காரரான ராபர்ட்டோ கிளமென்டேயின் கடைசி அத்தியாயத்தை மட்டும் டிசம்பர் 31-க்கு வைத்திருங்கள். 1972-ல் அதே இரவுதான், நிகராகுவா பூகம்ப நிவாரணத்தோடு அவர் ஏறிய விமானம் போர்ட்டோ ரிக்கோ கடலில் விழுந்தது. அடித்த ஹிட்டுகள் சரியாக 3000. இதைப் படிக்கும்போது காபி ஆறிவிடும், பரவாயில்லை.

பெரிய லீகில் நிறவெறித் தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனை மார்ச் முடிவதற்குள் முடித்துவிடுங்கள். அவர் நினைவாக ஏப்ரல் 15 அன்று எல்லா ஆட்டக்காரர்களும் அவருடைய சட்டை எண் 42-ஐத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். விஷயம் தெரியாமல் முதல் வருஷம், "என்னடா, எல்லாருக்கும் ஒரே நம்பரைத் தைச்சுட்டானா?" என்று கேட்டுவிட்டு மகனிடம் இன்றுவரை கிண்டல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.