பிஆரோடு இருப்பவருக்குக் கனடாவில் குற்ற வழக்கு வந்தால்

பிஆர் (நிரந்தர வதிவிட) கார்ட் கையில் இருந்தால் திருப்பி அனுப்ப முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அனுப்பலாம். இருபது வருடம் இங்கே இருந்து, வீடும் வாங்கி, பிள்ளைகள் ஸ்காபரோவிலேயே பிறந்திருந்தாலும், குடியுரிமை எடுக்காதவருக்கு அந்த ஆபத்து இருக்கிறது.

குடிவரவுச் சட்டத்தின் 36(1) பிரிவு இரண்டு விஷயம் பார்க்கும். அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் உள்ள அதிகபட்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ? அல்லது, உங்களுக்குக் கிடைத்த சிறை 6 மாதத்துக்கு மேலா? இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். ஆட்கள் விழுவது முதலாவதில். நீதிபதி வெறும் தண்டப்பணம் போட்டிருந்தாலும் கணக்கில் வருவது உச்சத் தண்டனைதான். சிறு குற்ற முறையில் வழக்கு நடத்தினார்கள் என்பதும் உதவாது; இரண்டு முறையிலும் நடத்தக்கூடிய குற்றத்தைக் குடிவரவுச் சட்டம் பெரிய குற்றமாகவே எடுக்கும்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது இதற்கு நல்ல உதாரணம். 2018 டிசம்பர் 18 இல் அதன் உச்சத் தண்டனை 5 வருடத்திலிருந்து 10 ஆனது. முதல் தடவைக்குக் குறைந்தது 1,000 டொலர் தண்டம். ஊத மறுத்தால் 2,000. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது பிடிபட்டு, தண்டத்தைக் கட்டி, ‘கேஸ் முடிஞ்சுது’ என்று வீட்டுக்கு வந்தவருக்குச் சில மாதம் கழித்து எல்லைச் சேவை முகவரகத்தின் கடிதம் வரும். குறைந்தபட்சத் தண்டனை இருப்பதால் இந்த வழக்கில் டிஸ்சார்ஜும் (குற்றத்தீர்ப்புப் பதியாமல் விடுவிப்பது) வழமையாகக் கிடையாது. ஒன்ராறியோவில் சாதாரண வேகத் தண்டமோ, இரத்த மது அளவு 0.05 முதல் 0.08க்குள் ஊதியதற்கு லைசன்ஸைச் சில நாள் நிறுத்துவதோ வேறு கதை. அவை மாகாணச் சட்டம், குற்றப் பதிவு அல்ல.

வீட்டுச் சண்டையிலும் கவனம் வேண்டும். கையால் அடித்தால் உச்சம் 5 வருடம். கையில் இருந்த போனையோ தோசைக் கரண்டியையோ எறிந்தால் அது ‘ஆயுதத்தால் தாக்குதல்’ ஆகலாம், உச்சம் 10. மனைவி பிறகு ‘கேஸ் வேண்டாம்’ என்று சொன்னாலும் வழக்கை விடுவது அரச வழக்கறிஞரின் முடிவு.

ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், குற்றவியல் சட்டத்தரணியோடு நிற்காமல் குடிவரவுச் சட்டத்தரணியிடமும் எழுத்தில் கருத்து வாங்குங்கள். ‘எனக்குத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன்’ என்று பிறகு மாற்றுவது கடினம்: தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் சொன்னது. பீஸ் பொண்ட் (ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் உறுதி), டிஸ்சார்ஜ், குறைந்த குற்றச்சாட்டு ஆகியவற்றைக் கேட்க வேண்டிய நேரமும் இதுதான். டிஸ்சார்ஜ் குற்றத்தீர்ப்பாகக் கணக்கில் வராது.

6 மாதம் என்ற எல்லையில் ஒரு நாளும் பெரிசு. பாரதூரமான குற்றத்துக்கு 6 மாதமோ கூடவோ சிறை விழுந்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை இல்லை. 6 மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தால் உண்டு. தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் இருந்த காலமும் இந்தக் கணக்கில் சேரலாம். வீட்டில் இருந்தபடி அனுபவிக்கும் நிபந்தனைத் தண்டனை ‘சிறை’ அல்ல என்று 2017 இல் தீர்ப்பு வந்தது. நாடுகடத்தல் விளைவைக் கருத்தில் எடுத்துத் தண்டனையைத் தீர்மானிக்கலாம் என்று 2013 இலேயே வந்திருக்கிறது. நீதிபதிக்கு அதைச் சொல்ல வேண்டியது உங்கள் சட்டத்தரணி.

எல்லைச் சேவை முகவரகத்தின் கடிதம் வந்தால் குறித்த நாளுக்குள் பதில் போக வேண்டும். இங்கே கழித்த வருடங்கள், வேலைக் கடிதம், பிள்ளைகளின் பள்ளிக் கடிதம், மது விடுவிப்பு வகுப்புச் சான்று, புரபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) அதிகாரியின் கடிதம் எல்லாம் சேருங்கள். அதிகாரி எச்சரிக்கையோடு விடலாம். இல்லையென்றால் விசாரணைக்கு அனுப்புவார், அங்கே மனிதாபிமானக் காரணம் எடுபடாது. மேன்முறையீட்டுக்கு 30 நாள்தான். வீடு மாறியதைச் சொல்லாதவர்களுக்குக் கடிதம் பழைய முகவரியில் கிடக்கும், நாட்களும் ஓடும். அகதியாக ஏற்கப்பட்டவரை அனுப்ப, அவர் பொதுமக்களுக்கு ஆபத்து என்ற அமைச்சரின் தனி முடிவும் வேண்டும். நீங்கள் அப்படி ஏற்கப்பட்டவர் என்றால் அதையும் உங்கள் பதிலில் குறிப்பிடுங்கள்.

குடியுரிமைக்கு 5 வருடத்தில் 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். பெரிய குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் அது கிடைக்காது. தண்டனையாகச் சிறையிலும் புரபேஷனிலும் கழித்த நாட்களும் கணக்கில் சேராது. நாள் நிரம்பிய வாரமே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.